ரப்பர்ப் பாலிலிருந்து கணினித் திரைக்கு: மனித முகத்தில் விலங்கின் தோல்

ஒரு முகத்தைப் படம் பிடித்து, அதன் கன்னத்தில் பாம்பின் செதிலையோ நெற்றியில் புலியின் வரியையோ படர விடுவது இன்று பள்ளி மாணவர்களும் செய்யும் வேலை. 2015ஆம் ஆண்டில் ஸ்னாப்சாட் நிறுவனம் முகத்தோடு ஒட்டி அசையும் வேடங்களை அறிமுகப்படுத்திய பிறகு, நாய்க் காதும் நாய் மூக்கும் வைத்துப் படம் எடுக்காத இளைஞர்கள் குறைவு. இதெல்லாம் கணினி தந்த புதுமை என்றே பலரும் எண்ணுகிறார்கள். வரலாற்றைப் பின்னோக்கிப் புரட்டினால் செய்தி வேறு. கணினிக்கு முன்பு, அரை நூற்றாண்டுக் காலம் மனித முகத்தையும் விலங்கின் முகத்தையும் ஒட்டி வைத்த பொருள் ரப்பர்ப் பால். அந்தப் பாலை உலகத்துக்குக் கொடுத்ததில் முன்னணியில் நின்ற நாடு மலாயா. மலாயாவில் ரப்பர் மரம் முதன்முதலில் வேரூன்றிய இடங்களில் ஒன்று பேராக் மாநிலத்தின் கோலகங்சார்.

ஆகவே இந்தக் கதை ஈப்போவில் இருப்பவருக்கும் சுங்கை சிப்புட் தோட்டத்தில் பிறந்தவருக்கும் அந்நியமானதல்ல.

இந்தக் கலையில் ஈடுபட்ட எவரைக் கேட்டாலும் ஒரே ஒரு சிக்கலைத்தான் சொல்வார்கள். அது ஓரம். புலித்தோல் முடிந்து மனிதத் தோல் தொடங்கும் இடம். புலியை வரைவது கடினமில்லை, மனிதனை வரைவதும் கடினமில்லை. இரண்டும் சந்திக்கும் அந்த விரற்கடை அகலத்தில்தான் கலைஞனின் திறமை தெரிந்துவிடும். ஓரத்தை எப்படி மறைத்தார்கள், மறைத்த பிறகு என்ன நடந்தது என்பதே இந்த வரலாறு.

பிடரி மறைத்த கழுத்து

தமிழர்கள் இந்தச் சிக்கலோடு நீண்ட காலம் வாழ்ந்தவர்கள். நரசிம்மர் சிலையைக் கூர்ந்து பாருங்கள். தலை சிங்கம், உடல் மனிதன். இரண்டும் இணையும் கழுத்து எங்கே? அங்கே பிடரி மயிர் சுருள் சுருளாக விழும். அதன் கீழே ஆரமும் அணிகலனும் வந்து நிற்கும். சிற்பி இணைப்பைச் செதுக்கவே இல்லை, மூடிவிட்டான். சிதம்பரத்தில் வழிபடப்படும் வியாக்கிரபாதருக்கு, அதாவது புலிக்கால் முனிவருக்கு, வேறு வழி. இடுப்புக்கு மேலே முனிவர், காலில் புலி. வண்டு தொடுவதற்கு முன் பூப்பறிக்க வேண்டும், அதற்கு இருட்டில் மரமேற வேண்டும், ஆகவே புலியின் காலும் கண்ணும் வேண்டும் என்று அவர் இறைவனிடம் கேட்டதாகப் புராணம் சொல்கிறது. விடிவதற்கு முன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரக் காட்டுக்குள் நுழைந்த தோட்டத்து மக்களுக்கு அந்த வேண்டுதலின் நியாயம் நன்றாகவே புரிந்திருக்கும்.

தமிழகத்தின் புலியாட்டக்காரரும் கேரளத்தின் திருச்சூரில் ஓணத்தின்போது இறங்கும் புலிக்களிக் கலைஞரும் ஓரத்தை மறைக்க முயல்வதே இல்லை. திருச்சூரில் உடலின் மயிரை மழித்து, முதல் பூச்சைப் பூசி, அது காயும் வரை மணிக்கணக்கில் நின்றுகொண்டே இருப்பார்கள். பிறகு இரண்டாம் பூச்சு. தொந்தி உள்ளவர்களுக்கு அங்கே தனி மதிப்பு. வயிற்றில் புலியின் முகத்தை வரைந்துவிட்டால், தொந்தி குலுங்கும்போது புலி வாயைத் திறந்து மூடும். உடலின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப ஓவியம் வளைய வேண்டும் என்ற இந்த அறிவைக் கணினி பிற்பாடுதான் கற்றுக்கொண்டது. அதற்குக் கீழே வருவோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நாள்காட்டியில் வரும் பிள்ளையாரின் துதிக்கையை நினைத்துப் பாருங்கள். யானைத் தோலுக்குரிய சுருக்கம் ஒன்றுகூட இருக்காது. குழந்தையின் கன்னம் போல வழவழப்பாக, இளஞ்சிவப்பாக இருக்கும். 1894இல் தொடங்கிய ரவிவர்மா அச்சகமும், பின்னர் கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வளர்த்த பாணி இது. மனிதத் தோலில் விலங்கைப் பொருத்துவதற்கு நேர்மாறாக, விலங்கின் மேல் மனிதத் தோலைப் போர்த்திவிட்டார்கள். தும்பிக்கை எங்கே தொடங்குகிறது, முகம் எங்கே முடிகிறது என்று யாரும் கேட்டதில்லை. அத்தனை நயமான ஓரம் அது.

சிலிம் பள்ளத்தாக்கின் புலி

பேராக்கிலேயே இதைப் பற்றிய கதை ஒன்று அச்சில் இருக்கிறது. பிரிட்டிஷ் அதிகாரியாக இங்கே பணியாற்றிய ஹியூ கிளிஃபர்ட் 1897இல் வெளியிட்ட ‘இன் கோர்ட் அண்ட் கம்போங்’ என்ற நூலில் அது வருகிறது. இடம், பேராக்கின் தெற்கே உள்ள சிலிம் பள்ளத்தாக்கு. பின்னாளில் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்த சிலிம் ரிவர் வட்டாரம்தான் அது.

சுமத்ராவின் கெரிஞ்சி பகுதியிலிருந்து ஹாஜி அலி என்பவர் தம் மகன்களோடு வந்து சிலிமில் குடியேறுகிறார். உள்ளூர்ப் பெண் ஒருத்தியை மணக்கிறார். இரவில் வெளியே போகிறார், பின்னிரவில் திரும்புகிறார். ஒரு நாள் மனைவி வீட்டு வாசலைப் பார்க்கிறாள். ஏணியில் நிற்பது புலி. அந்தப் புலியின் முகத்துக்குள்ளிருந்து கணவனின் முகம் மெல்ல மெல்ல வெளிப்படுகிறது. அவள் பிறந்த வீட்டுக்கு ஓடிவிடுகிறாள். ஊரில் சந்தேகம் பரவி வலுக்கிறது. கடைசியில் அந்தக் குடும்பம் சிலிமை விட்டே போய்விடுகிறது.

மலாய் மக்கள் ‘ஹரிமாவ் ஜாடியான்’ என்று சொல்லும் புலிமனிதக் கதைகளில் இதுவும் ஒன்று. கிளிஃபர்டின் விவரிப்பில் கவனிக்கத்தக்கது அந்த மாற்றத்தின் வேகம். புலி மறைந்து மனிதன் தோன்றவில்லை. ஒரு முகம் இன்னொரு முகத்தின் வழியாக மேலே வருகிறது. இன்று கணினித் துறையில் ‘மார்ஃபிங்’ என்று சொல்கிறார்களே, அதைத் திரைக்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே சிலிமின் கதை வாசலில் நிறுத்திவிட்டது.

அதைவிட முக்கியமானது அந்தப் புலித்தோல் யார் மேல் போர்த்தப்பட்டது என்பது. உள்ளூர்க்காரர் மேல் அல்ல. கடல் கடந்து வந்தவர் மேல். கெரிஞ்சிக்காரர்கள் புலியாக மாறக்கூடியவர்கள் என்ற பேச்சு தீபகற்பத்தில் பல இடங்களில் இருந்தது. புதிதாக வந்தவன், பழக்கம் தெரியாதவன், இரவில் எங்கே போகிறான் என்று சொல்லாதவன். அவனுக்கு வரி போடுவது எளிது. புலியாட்டக்காரரின் வரியைப் பார்த்துக் கூட்டம் சிரிக்கிறது, காசு போடுகிறது. ஓரம் கண்ணுக்குத் தெரிவதால் அது வேடம் என்று எல்லாருக்கும் தெரியும். ஹாஜி அலியின் வரிக்கு ஓரமே இல்லை. அதனால்தான் ஒரு குடும்பம் வீட்டை இழந்தது.

மங்கிலிருந்து முகமூடிக்கு

இப்போது ரப்பருக்கு வருவோம். 1876இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுபோன விதைகளின் வழித்தோன்றல்கள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்பது கன்றுகள் அதே ஆண்டில் கோலகங்சாரில் நடப்பட்டன. பேராக்கின் ரெசிடெண்டாக அந்த ஆண்டு பொறுப்பேற்ற ஹியூ லோ அவற்றைப் பேணி வளர்த்தார். அந்தக் காலத்து மரம் ஒன்றை இன்றும் அந்த ஊரில் காட்டுகிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. தமிழகத்திலிருந்து கங்காணிகள் மூலம் ஆள் வந்தது. விடியலில் பெரட்டு, பிறகு பால்மரம் சீவுதல், மங்கில் சொட்டும் பாலை வாளியில் சேர்த்தல், காண்டா வாளியில் சுமந்துபோய் நிறுத்துக் கொடுத்தல். இதெல்லாம் தோட்டத்துத் தலைமுறைக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சீவுதல் என்பதே தோலை அறிந்த வேலைதான். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம், குறைந்தால் பால் இல்லை. அந்தக் கை அளவு எந்த அளவுகோலிலும் வராதது.

பெரும்பகுதிப் பால் உறைய வைக்கப்பட்டுத் தகடாகித்தான் கப்பலேறியது. பாலை அப்படியே நீர்மமாக அனுப்ப வேண்டுமானால் அதில் அமோனியா கலக்க வேண்டும். 1920களில் அந்த ஏற்றுமதியும் வளர்ந்தது. 1929இல் இங்கிலாந்தின் டன்லப் நிறுவன ஆய்வுக்கூடத்தில் இ.ஏ. மர்ஃபி என்பவர், சமையலறையில் முட்டையை அடிப்பதுபோல ரப்பர்ப் பாலை அடித்து நுரைக்க வைத்து, அந்த நுரையை உறைய வைக்கும் முறையைக் கண்டார். மெத்தைக்கும் நாற்காலிக்கும் வந்த அந்த நுரை ரப்பர், அடுத்த பத்தாண்டில் ஹாலிவுட்டின் ஒப்பனை அறைக்குள் நுழைந்துவிட்டது.

முறை இதுதான். நடிகரின் முகத்தைச் சுண்ணச் சாந்தில் அச்செடுப்பார்கள். அந்த அச்சின் மேல் களிமண்ணால் சிங்கத்தின் மூக்கையோ குரங்கின் நெற்றியையோ வடிப்பார்கள். அதற்கு எதிர் அச்சு எடுத்து, இரண்டுக்கும் இடையே நுரைத்த ரப்பர்ப் பாலை ஊற்றி அடுப்பில் வேக வைப்பார்கள். வெளியே வருவது ஒரு முகத்துக்கு மட்டுமே பொருந்தும் தோல். இரண்டு அச்சும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் அது வெங்காயச் சருகைவிட மெலிந்துபோகும். அந்த மெலிந்த ஓரத்தைப் பிசினால் தோலில் ஒட்டி, அதன் மேல் நீர்ம ரப்பர்ப் பாலைப் பஞ்சால் ஒற்றி ஒற்றிக் கோட்டை உடைப்பார்கள். கடைசியில் வண்ணம். வண்ணத்தை மட்டும் ரப்பரிலிருந்து தோலுக்கு அகலமாகப் பரப்புவார்கள். கண் ஏமாறுவது அங்கேதான்.

‘தி விஸார்ட் ஆஃப் ஆஸ்’ படத்தின் கோழைச் சிங்கம் இதற்குப் புகழ்பெற்ற சான்று. நடிகர் பெர்ட் லார் அணிந்த உடை உண்மையான சிங்கத் தோலால் ஆனது. முகமோ ரப்பர். உண்மையான விலங்குத் தோலும் ரப்பர்த் தோலும் மனிதத் தோலும் சந்தித்த கழுத்தை எப்படி மறைத்தார்கள்? பிடரி மயிரால். நம் ஊர்ச் சிற்பி நரசிம்மருக்குச் செய்த அதே வேலை. சாப்பிட்டால் வாயருகே ஓரம் கிழிந்துவிடும் என்பதால் லார் பகலில் குழல் வைத்து உறிஞ்சும் உணவோடு காலம் தள்ளினார் என்பார்கள்.

அந்தப் படத்தின் படப்பிடிப்பு 1938 அக்டோபரில் தொடங்கியது. அதே ஆண்டு மே மாதத்தில் மலாயாவின் தோட்டங்களில் ஆண்களின் நாள் கூலி 50 காசிலிருந்து 45 காசாகக் குறைக்கப்பட்டிருந்தது. ஜூன் மாதத்தில் இந்திய அரசு, தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. ஹாலிவுட்டில் ஒரு சிங்க முகம் தினமும் புதிதாக வார்க்கப்பட்டுக் கொண்டிருந்த மாதங்களில், பால் சீவிய கைக்கு ஐந்து காசு குறைந்திருந்தது. திரைப்பட வரலாற்று நூல்கள் ஒப்பனையாளர் பெயரைச் சொல்லும், நடிகர் பெயரைச் சொல்லும். ரப்பர் என்ற சொல்லும் வரும். அது எந்த மரத்தில் சொட்டியது என்ற கேள்வி வருவதில்லை.

1968இல் வெளிவந்த ‘பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்’ இந்தக் கலையின் உச்சம். ஜான் சேம்பர்ஸ் வடித்த குரங்கு முகங்கள் நடிகரின் தசையோடு சேர்ந்து அசைந்தன, பேசின, சிரித்தன. ஒரு நாள் ஒட்டிய ஓரம் கழற்றும்போது கிழிந்துவிடும், மறுநாளுக்குப் புதிய முகம் வேண்டும். சேம்பர்ஸுக்கு 1969இல் சிறப்பு ஆஸ்கார் வழங்கப்பட்டது. இவர் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்குச் செயற்கை மூக்கும் காதும் செய்து கொடுத்தவர் என்பதையும் மறக்கக்கூடாது. மனிதனைக் குரங்காக்கிய அதே ஓரம், அதற்கு முன் மனிதனை மீண்டும் மனிதனாக்கப் பயன்பட்டது.

ஒப்பனைக்கென்று தனி ஆஸ்கார் பிரிவு வந்தபோது, 1982இல் முதல் பரிசைப் பெற்றவர் ரிக் பேக்கர். மனிதன் ஓநாயாக மாறும் படத்துக்காக. மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ படத்தில் அவரைப் பூனைமனிதன் ஆக்கியவரும் இவர்தான். அடுத்த பத்தாண்டில் ஜாக்சனே எல்லாவற்றையும் மாற்றிவிட்டார். 1991 நவம்பரில் ஒளிபரப்பான ‘பிளாக் ஆர் ஒயிட்’ காணொளியில் கருஞ்சிறுத்தை ஒன்று நடந்துவந்து மனிதனாக எழுந்து நிற்கிறது. பிசின் இல்லை, அச்சு இல்லை, அடுப்பு இல்லை. எல்லாம் கணினி.

காலப் பொருத்தத்தைப் பாருங்கள். ஃபோட்டோஷாப் மென்பொருளின் முதல் பதிப்பு 1990 பிப்ரவரியில் வந்தது. உலக ரப்பர் உற்பத்தியில் மலேசியா வகித்த முதலிடம் தாய்லாந்துக்குப் போனதும் 1990களின் தொடக்கத்தில்தான். பேராக்கில் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, சில வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்து வீடுகளில் பிறந்த பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் நகர்ந்தார்கள். விலங்கு முகமும் ரப்பரை விட்டு வெளியேறியது.

ஆப்பிளும் ஆரஞ்சும்

புகைப்படத்தில் முகத்தைத் திருத்துவது கணினிக்கு முந்திய கலை. 1857இல் ஆஸ்கார் ரெய்லாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படம் அச்சிட்டுக் காட்டினார். பிற்காலத்துப் படக்கடைகளில் நெகட்டிவின் மேல் கூரிய பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தொட்டு அம்மைத் தழும்பை மறைத்தார்கள், சிறு கத்தியால் சுரண்டிச் சுருக்கத்தை நீக்கினார்கள். வெட்டிய படத்தை இன்னொரு படத்தின் மேல் ஒட்டவும் நாளிதழ் அலுவலகங்களில் ரப்பர்ப் பசைதான் இருந்தது. இங்கேயும் ரப்பர்!

கணினியில் ஓரத்தை மறைக்கும் கணக்கை 1983இல் பீட்டர் பர்ட், எட்வர்ட் ஏடல்சன் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். அவர்கள் காட்டிய எடுத்துக்காட்டு, பாதி ஆப்பிள் பாதி ஆரஞ்சாக இருக்கும் ஒரு பழம். இரண்டு படங்களையும் அப்படியே ஒட்டினால் நடுவில் கோடு தெரியும். ஓரத்தை அகலமாகக் கலங்கடித்தால் கோடு மறையும், ஆனால் தோலின் புள்ளிகள் இரட்டையாகத் தெரியும். என்ன செய்தார்கள்? படத்தைப் பல அடுக்காகப் பிரித்தார்கள். ஒளியும் வண்ணமும் போன்ற பெரிய மாற்றங்களை அகலமான பரப்பில் கலந்தார்கள். புள்ளி, மயிர்க்கால் போன்ற நுண்ணிய விவரங்களைக் குறுகிய பரப்பில் கலந்தார்கள். பிறகு எல்லாவற்றையும் கூட்டினார்கள். கோடு காணாமல் போயிற்று.

சற்று யோசித்தால் இது ஒப்பனையாளர் செய்ததேதான் என்று புரியும். அவரும் வண்ணத்தை அகலமாகப் பரப்பினார், ஓரத்தின் சொரசொரப்பை மட்டும் குறுகலாக ஒற்றி உடைத்தார். கையின் பழக்கத்தைக் கணினி எண்களாக எழுதிக்கொண்டது.

1987இல் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் நோல் எழுதத் தொடங்கிய நிரல், அவருடைய தம்பி ஜான் நோலின் கூட்டோடு ஃபோட்டோஷாப் ஆயிற்று. 1994இல் வந்த மூன்றாம் பதிப்பில் அடுக்குகள் வந்தன. இந்தக் கலைக்கு அதுவே திருப்புமுனை. கீழே மனித முகம், மேலே புலித்தோல். இரண்டும் ஒன்றையொன்று கெடுக்காமல் தனித்தனியே இருக்கும். 2002இல் வந்த ஏழாம் பதிப்பின் ‘ஹீலிங் பிரஷ்’ என்ற தூரிகை, ஓரிடத்தின் தோல் அமைப்பை எடுத்து இன்னோரிடத்தின் நிறத்தோடு பொருத்தித் தந்தது. அமைப்பு வேறு, நிறம் வேறு என்று பிரித்துக் கையாளும் வசதி எல்லாருக்கும் கிட்டிவிட்டது.

ஒரு நல்ல கலைஞர் எப்படி வேலை செய்வார்? பாம்புச் செதில் படத்தை மேல் அடுக்கில் வைத்து, அதன் கலப்பு முறையை மாற்றுவார். அப்போது கீழே உள்ள முகத்தின் நிழலும் வெளிச்சமும் செதிலின் வழியே தெரியும். பிறகு முகத்தின் மேடு பள்ளத்தைக் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்து, அதன்படி செதில்களை நகர்த்தச் சொல்வார். கன்ன எலும்பில் செதில் விரியும், கண் குழியில் சுருங்கும். திருச்சூர்த் தொந்தியின் பாடம் இதுதான். அடுத்து ஒரு முகமூடி அடுக்கை வைத்து, மெல்லிய தூரிகையால் ஓரத்தைத் தேய்ப்பார். இப்படி ஓரத்தை மெலிதாக்குவதற்கு ஃபோட்டோஷாப்பில் ‘ஃபெதர்’ என்று பெயர். இறகு! அங்கும் ஒரு பறவை.

தேர்ந்தவர் அத்தோடு விடமாட்டார். செதில் ஒரேயடியாக முடியாது. அடர்த்தி குறைந்து, ஒன்றிரண்டாகச் சிதறி, மனிதத் தோலின் மயிர்க்கால்களுக்கு இடையே கரைய வேண்டும். வெளிச்சம் இடப்பக்கமிருந்து வந்தால் ஒவ்வொரு செதிலும் இடப்பக்கமே மின்ன வேண்டும். தொடக்கக்காரர்கள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். முகத்துக்கு ஒரு சூரியன், பாம்புக்கு இன்னொரு சூரியன் என்று படத்தில் இரண்டு சூரியன் இருக்கும்.

2023இல் ஃபோட்டோஷாப்பில் செயற்கை நுண்ணறிவு நிரப்பும் வசதி வந்த பிறகு இத்தனையும் ஒரு வரி எழுதினால் கிடைக்கிறது. உழைப்பு போயிற்று. ஓரமும் போயிற்று.

ஈப்போ நீதிமன்றமும் கோமாளி முகமும்

மனித முகத்தில் வேற்றுத் தோல் பூசுவது விளையாட்டோடு நிற்காது என்பதை ஈப்போ கண்கூடாகப் பார்த்திருக்கிறது. 2016இல் வரைகலைஞர் ஃபாமி ரேசா, அப்போதைய பிரதமர் நஜிப் ரசாக்கின் முகத்தைக் கோமாளி ஒப்பனையோடு வரைந்து வெளியிட்டார். விலங்குத் தோல் இல்லை என்றாலும் வேலை ஒன்றே. ஒருவரின் முகத்தின் மேல் அவருடையதல்லாத தோல். 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவின் கீழ் வழக்கு வந்தது. 2018 பிப்ரவரியில் ஈப்போ செஷன்ஸ் நீதிமன்றம் அவருக்கு ஒரு மாதச் சிறையும் 30,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது. அதே ஆண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம் சிறைத் தண்டனையை நீக்கி, அபராதத்தை 10,000 ரிங்கிட்டாகக் குறைத்தது. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த திருத்தம், சட்டத்திலிருந்த ‘மனத்தைப் புண்படுத்தும்’ என்ற சொல்லை ‘கடுமையாகப் புண்படுத்தும்’ என்று இறுக்கியது; அபராதத்தின் உச்ச அளவையும் ஐந்து இலட்சம் ரிங்கிட்டாக உயர்த்தியது.

அந்தப் படத்தைப் பார்த்துப் பிரதமர் உண்மையிலேயே கோமாளி ஒப்பனை பூசிக்கொண்டார் என்று யாராவது நம்பினார்களா? இல்லை. ஓரம் தெரிந்தது. புலியாட்டக்காரரின் வரி போல, அது வேடம் என்று பார்த்தவுடன் புரியும் படம். ஏளனத்தை விரும்பாதவர்கள் இருக்கலாம், ஏமாற்று என்று அதைச் சொல்ல முடியாது. அஞ்ச வேண்டியது சிலிமின் வாசலில் நின்ற வகையை. பார்ப்பவர் நிஜம் என்று நம்பி, நம்பியதை அடுத்த வீட்டுக்குச் சொல்லி, அடுத்த வீடு மூன்றாம் வீட்டுக்கு அனுப்பும் படம். அதில் அகப்படுபவர் பிரதமராக இருக்கமாட்டார். வகுப்புத் தோழியாக இருப்பார், அண்டை வீட்டுக்காரராக இருப்பார், புதிதாக வந்து குடியேறிய தொழிலாளியாக இருப்பார். நீதிமன்றம் போக வசதியற்றவராக இருப்பார்.

ஓரத்தைக் கண்ணுக்கு மறைத்த நிறுவனங்களே அதைக் கோப்புக்குள் குறித்து வைக்கும் முயற்சியிலும் இறங்கியிருக்கின்றன. 2019இல் அடோபி தொடங்கிய கூட்டு முயற்சியும், 2021இல் பல நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த பொதுத் தரமும், ஒரு படம் எங்கே எடுக்கப்பட்டது, எந்த மென்பொருளில் எப்படி மாற்றப்பட்டது என்பதைப் படத்தோடு முத்திரையாகச் சேர்க்கின்றன. நல்ல முயற்சிதான். ஆனால் அந்தப் படத்தைத் திரையில் வைத்து மீண்டும் ஒருமுறை படம் பிடித்துவிட்டால் முத்திரை கழன்றுவிடும்.

ரேகையும் வரியும்

தோல் என்பது வெறும் மேற்பூச்சு என்று அரசாங்கம் ஒருபோதும் எண்ணியதில்லை. 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் பிறந்தது. அதே ஆண்டில் பன்னிரண்டு வயதைக் கடந்த எல்லாரும் அடையாள அட்டைக்குப் பதிய வேண்டியதாயிற்று. அட்டையில் இரண்டே இரண்டு சாட்சிகள்: ஒரு புகைப்படம், ஒரு கட்டைவிரல் ரேகை. தோட்டத்து மக்களில் பலருக்கு வாழ்நாளில் எடுத்த முதல் படமே அதுவாக இருந்தது. முகத்தைப் பென்சிலால் திருத்தலாம். ரேகையை யாரும் திருத்த முடியாது என்ற நம்பிக்கை. 2001இல் அறிமுகமான மைகார்டு அட்டையின் சில்லுக்குள்ளும் அந்த ரேகை தொடர்ந்தது.

புலிக்கும் அப்படி ஒரு ரேகை உண்டு. வரி என்பது மயிரில் மட்டும் இருப்பதல்ல, மயிரை மழித்தாலும் தோலில் தெரியும். எந்த இரண்டு புலிக்கும் ஒரே வரி கிடையாது. இந்தியாவின் நாகரஹொளே காட்டில் உல்லாஸ் கரந்த் 1990களில் தானியங்கிக் கேமராக்களை மரத்தில் கட்டி, வரியை வைத்தே புலிகளை எண்ணிக் காட்டினார். இன்று பேராக்கின் வடக்கே பெலும்–தெமெங்கோர் காட்டில் இதே முறைதான் கையாளப்படுகிறது. 2022இல் வெளியான நாடளாவிய கணக்கெடுப்பு, தீபகற்பத்தில் 150க்கும் குறைவான புலிகளே எஞ்சியிருப்பதாகத் தெரிவித்தது.

சிக்கல் இங்கேயும் உடலின் வளைவுதான். நடக்கும் புலியின் விலாவில் வரி ஒரு மாதிரி தெரியும், நிற்கும் புலியில் வேறு மாதிரி. 2009இல் லெக்ஸ் ஹிபி என்ற ஆய்வாளரும் கரந்த் உள்ளிட்ட அவருடைய குழுவினரும் இதற்கு ஒரு மென்பொருளை அமைத்தார்கள். புலியின் படத்தின் மேல் கணினி முப்பரிமாண வலை ஒன்றைப் போர்த்துகிறது. அந்த வலையோடு வரியை உரித்து, தட்டையாக விரிக்கிறது. ஃபோட்டோஷாப் கலைஞர் தோலை முகத்தின் மேல் வளைத்துப் பொருத்துகிறார் அல்லவா, அதையே பின்னோக்கிச் செய்வது இது.

விரித்த வரியை அவர்கள் உயிருள்ள புலிகளோடு மட்டும் ஒப்பிடவில்லை. இறந்துபோன புலிகளின் தோலையும் படம் பிடித்து, ஆண்டுகளுக்கு முன் காட்டில் எடுத்த படங்களோடு வைத்துப் பார்த்தார்கள். வேட்டைக்காரனிடமோ கடத்தல்காரனிடமோ ஒரு தோல் அகப்பட்டால், அது எந்தக் காட்டில், எந்த நாளில், எந்தக் கேமராவுக்கு முன்னால் நடந்துபோன புலியினுடையது என்று இந்த வழியில் கண்டுபிடித்துவிடலாம்.